பத்து வருட வயிற்று வலி

"மூணாவது மாடி சாருக்கு வயித்து வலின்னா, கீழ சிலிண்டர் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

எதிர்வீட்டு டீச்சர் காவலாளியிடம் சொன்ன இந்த வாக்கியம், மாடிப்படித் திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அதே மூன்றாவது மாடி சாரின் காதில் விழுந்தது. வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

மனசு ஆறவில்லை. பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முழுசாக ஏழு கல். டாக்டர் சின்ன சீசாவில் போட்டே கொடுத்திருக்கிறார். அதை இவர் ஹாலில் டிவி பக்கத்தில் வைத்திருக்கிறார், பதக்கம் மாதிரி. இன்னுமா சந்தேகம்?

வீட்டுக்குள் நுழைந்தால் மனைவி ஒரு கடிதத்தை நீட்டினாள். ஆபரேஷன் செலவைத் தர முடியாதாம். பத்து வருடமாக இருந்த வயிற்று வலியை மறைத்து பாலிசி எடுத்துவிட்டீர்கள் என்று காப்பீட்டு நிறுவனம் எழுதியிருந்தது.

"பத்து வருஷமா? எவன் சொன்னான்?"

"நான்தான்."

"நீயா!"

"ஆஸ்பத்திரில சேக்கும்போது, எத்தன நாளா வலின்னு டாக்டர் கேட்டார். பத்து வருஷமா இருக்குன்னு சொன்னேன். எழுதிக்கிட்டார். நீங்கதானே வாராவாரம் சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மனைவி தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அந்த மெஷின் எதை நகலெடுத்தாலும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு போடும். பாஸ்போர்ட்டை நகலெடுத்தால் ஆளுக்கு மூக்கு இருக்காது. புது மெஷினுக்குச் சேர்த்து வைத்ததுதான் ஆபரேஷனுக்குப் போயிருந்தது. காப்பீடு வந்தால் மெஷின். இல்லையென்றால் கோடுதான்.

"கவலைய விடு. கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் போடறேன். வக்கீலே வேண்டாம், நானே எழுதறேன், நானே பேசறேன்!"

"நீங்களா? ஹோட்டல்ல உப்பு இல்லன்னு சொல்றதுக்கே என்னத்தானே அனுப்புவீங்க?"

"இருபது வருஷமா புகார் பிரிவுல இருக்கேன். எனக்குத் தெரியாத புகாரா?"

இருந்தது உண்மைதான். குடிநீர் அலுவலகத்தில் வருகிற புகார்களை வாங்குவது அவர் வேலை. எதிலும் முதல் பாராவைத் தாண்டிப் படித்ததில்லை. முதல் பாராவிலேயே ஆளை எடைபோட்டுவிடுவாராம். அவரே சொல்லிக்கொள்வார்.

மூன்று நாள் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினார். 'கல்நெஞ்சம்' என்ற சொல் மட்டும் ஒன்பது இடத்தில் வந்தது. மனைவி கடையில் உட்கார்ந்து முழுசும் படித்தாள்.

"எல்லாம் சரி. பத்து வருஷ வலிக்கு என்ன பதில்?"

"நீ தெரியாம சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்துடு."

"நான் தெரிஞ்சுதான் சொன்னேன். நீங்க சொன்னதச் சொன்னேன். அது பொய்யின்னா, பொய் சொன்னவங்கதான் எழுதித் தரணும்."

"அப்படின்னா?"

"பிரமாணப் பத்திரம். நானே டைப் பண்ணிடறேன். தினம் பத்து பேருக்கு அடிக்கிறேன், உங்களுக்கு அடிக்க மாட்டேனா?"

அவள் விரல்கள் தடதடவென்று ஓடின. சூடாக வெளியே வந்த தாளில் முதல் பாரா இப்படி இருந்தது:

'கல் கண்டுபிடிப்பதற்கு முந்தைய வாரம் தவிர, கடந்த பத்து வருடங்களில் எனக்கு வயிற்று வலி வந்ததே இல்லை. சிலிண்டர் வந்த நாட்களிலும், தண்ணீர்த் தொட்டி கழுவிய நாட்களிலும், என் மைத்துனர் வீடு மாற்றிய அன்றும் வலி என்று நான் துடித்தது அனைத்தும் பொய்.'

"துடிச்சதெல்லாம் எதுக்கும்மா?"

"தேதியோட போடலாம்னு பாத்தேன். இடம் பத்தல."

"மானம் போகுதே!"

"சரி, வேண்டாம்னா விட்டுடுங்க. மெஷின் இல்லாமலே ஓட்டிக்கிறேன்." அவள் ஒரு கல்யாணப் போட்டோவின் நகலை எடுத்துக் காட்டினாள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே கறுப்புக் கோடு.

அவர் பேனாவைத் திறந்தார்.

"ரெண்டு பக்கமும் படிச்சிடுங்க," என்றாள்.

"படிச்ச வரைக்கும் போதும். வயிறு எரியுது."

"அது வலி இல்லியே?"

"இல்ல!" என்று கத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நோட்டரி, "படிச்சாச்சா?" என்று கேட்டபோதும் கம்பீரமாகத் தலையாட்டினார். சாட்சிக் கையெழுத்து எதிர்வீட்டு டீச்சர். அந்த அம்மாள் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்து, இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டு போட்டார்.

ஆறு மாதத்தில் தீர்ப்பு. நோயாளியே ஆணையிட்டுச் சொல்லும்போது நம்பாமல் இருக்கக் காரணமில்லை, நிறுவனம் முழுச் செலவையும் தர வேண்டும் என்று நுகர்வோர் ஆணையம் சொல்லிவிட்டது. தெருவில் நாலு பேர் அவர் கையைக் குலுக்கினார்கள். "வக்கீலே வைக்கல!" என்று அவர் நாற்பது பேரிடம் சொன்னார்.

புது மெஷின் வந்தது. அதில் அவள் எடுத்த முதல் நகல் பிரமாணப் பத்திரம்தான். கோடில்லாமல், கண்ணாடி மாதிரி விழுந்தது. லேமினேட் செய்து சமையலறைக் கதவில் மாட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே மணி அடித்தது.

"என்னங்க, சிலிண்டர்! லிஃப்ட் ஓடல."

அவர் கை பழக்கத்தில் வயிற்றுக்குப் போனது. கதவைப் பார்த்தார். கை அப்படியே நழுவி இடுப்புக்குப் பின்னால் போனது.

"இல்ல, இந்த முதுகு இருக்கே... காலைலேர்ந்து..."

"ரெண்டாவது பக்கம், நாலாவது பாரா," என்றாள் அவள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளைத் திருப்பிப் படித்தார்.

'மேலும் முதுகு, முழங்கால், தோள்பட்டை, தலை ஆகிய எதிலும் எனக்கு என்றும் வலி இருந்ததில்லை என்றும், குனிய, நிமிர, தூக்க, துடைக்க முழுத் தகுதி உடையவன் என்றும் மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்.'

கீழே அவருடைய கையெழுத்து. பக்கத்தில் டீச்சருடையது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஹாலில் அந்தக் கல் சீசாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு படியிறங்கினார்.