ஆவி சார் அழைத்த பெயர்

பேய்களே எழுந்து நின்று மரியாதை செய்த ஒரே மனிதரோடு நான் ஒரே குவாட்டர்ஸில் குடியிருந்திருக்கிறேன். இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தோட்டம். நான் தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்கு. அவர் வேதாகம ஆராய்ச்சி மாணவர். பிறந்தது கந்தப்பளையில் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். வயது முப்பதைத் தொடவில்லை. மடக்கிய குடை மாதிரி உடம்பு. தோட்டத்துச் சின்னச் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை நடத்திக்கொண்டே, அமைதியான இடத்தில் ஆராய்ச்சியை எழுதி முடிக்கலாம் என்று வந்தவர். அவருடைய ஞானஸ்நானப் பெயர் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. ஆவி சார் என்றால் நாய் கூட வழிகாட்டும்.

பெரிய பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். பழைய எபிரேய மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் அந்த ஒரே சொல்தானாம். ரூவாஹ். வேதாகமத்தில் அது வரும் ஒவ்வொரு இடத்திலும் மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கடைசி எழுத்தை அடித்தொண்டையிலிருந்து இழுத்து எடுக்க வேண்டும். காலையில் பல் விளக்கும்போதே பயிற்சி ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டு டிஸ்பென்சர் ஐயா, பாவம், ஒரு போத்தல் இருமல் மருந்து கொடுத்தனுப்பினார்.

பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் ஒருநாள் இந்தச் சொல்லை ஆவி சார் விளக்கினார். நானா தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அட, ரூஹு! எங்கட ஆக்களும் உசிருக்கு அதைத்தானே தம்பி சொல்றது. இதுக்கா இவ்வளவு காலம் படிக்கிறீங்க? எனக்கிட்டக் கேட்டிருந்தா பருப்பு நிறுக்கிற நேரத்துல சொல்லியிருப்பேனே!"

எபிரேயமும் அரபும் அக்கா தங்கை மொழிகள் என்று அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து நானாவுக்குப் பாடம் நடத்திவிட்டு, அரிசி வாங்காமலே வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு இரண்டு பேரும் பிஸ்கட் தின்றோம்.

இத்தனைக்கும் ஆவி சாருக்குப் பேய் என்றால் உயிர் போகிற பயம். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி இருந்தது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் பட்டப்பகலிலும் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். நான் வெளியே நின்று பாட வேண்டும். பாட்டு நின்றால் உள்ளேயிருந்து குரல் வரும்: "அண்ணே, இருக்கீங்களா? பாட்ட நிப்பாட்டாதீங்கண்ணே!" என் பாட்டைக் கேட்டு ஓடாத ஒரே ரசிகர் அவர்தான். ஓடும் நிலையில் அவர் இல்லை.

அவருக்குப் புகழ் வந்த கதை வேறு. தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது மலை உச்சியில், அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமாரைப் புதைத்த இடத்தில்தான். வெளிநாட்டுப் பேராசிரியர் போனில் நடத்தும் வகுப்புக்கு ஆவி சார் அங்கேதான் போவார். ஒருநாள் கையை நீட்டினால் விரல் தெரியாத மூட்டம். கீழே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே கல்லறைக்கு நடுவிலிருந்து ஆவி சாரின் தொண்டைக் குரல்: "ரூவாஆஹ்ஹ்..." உடனே கல்லறைப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரக் குரல்: "ஒன்ஸ் மோர்!"

கங்காணி தலையில் சுற்றியிருந்த மப்ளரை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சலாம் தொரே!"

"ஒன்ஸ் மோர்!" என்றது மூட்டம்.

"ஏய் புள்ளைகளா, செத்த தொரை பாத்துக்கிட்டிருக்காரு. திரும்ப எடுக்கச் சொல்றாரு!"

எடுத்த மலையையே பெண்கள் இன்னொரு தடவை எடுத்தார்கள். அன்றைக்கு வந்த கொழுந்தைப் பார்த்து எங்கள் ஃபேக்டரி மிஷினே மூச்சு வாங்கியது.

அதற்குப் பிறகு குவாட்டர்ஸ் வாசலில் கூட்டம்தான். தூக்கத்தில் உளறும் பிள்ளை, பால் கறக்க விடாத மாடு, மாமியாரின் ஆவி பிடித்த மருமகள். எல்லாரிடமும் அவர் கும்பிட்டுச் சொல்வார்: "நான் பேய் ஓட்டுறவன் இல்லீங்கம்மா. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடுறவன்."

"அந்தச் சொல்லத்தான் லேசா இவ காதுல சொல்லி விடுங்க சாரு."

சொல்லமாட்டார். தெரியாததைத் தெரியும் என்று சொல்வது பாவம் என்பதில் மனிதர் இரும்பு.

இப்படி இருக்கும்போதுதான் கீழ் லயத்துப் பார்வதியக்கா வந்தார். முந்திய மழைக்காலத்தில், லயத்துக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவில் விறகு வெட்டப் போன அவருடைய புருஷன் மண்சரிவில் அகப்பட்டுக்கொண்டார். உடம்பு கிடைக்கவில்லை. மலைக்குள்ளேயேதான் எங்கேயோ இருக்கிறார். அந்த லயம் ஆபத்து, காலி பண்ணுங்கள் என்று அதிகாரிகள் அறிவித்துவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று மட்டும் அறிவிக்கவில்லை. ஆகவே யாரும் நகரவில்லை.

"பின்சொவத்துக்குள்ள அவரு மூச்சு விடுறாரு சாரு," என்றார் பார்வதியக்கா. அழவில்லை. சாதாரணமாகச் சொன்னார். "ராப்பகலா விடுறாரு. என்ன வேணும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ஆவி சார் மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டினார். வழியெல்லாம் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நாட்கணக்காகப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோழிகள் ஒன்றும் லயத்துக்குள் போகாமல் வாசலில் நனைந்துபோய் நின்றன. அவர் குடியிருந்த காம்பரா அறைக்குள் போனதும் பார்வதியக்கா கதவைச் சாத்தினார். பின்சுவரில் மாட்டியிருந்த புருஷனின் படத்துக்குக் கீழே ஒரு விளக்கு. அதன் சுடர் எங்களைப் பார்த்துச் சாய்ந்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சுவரைப் பார்த்துச் சாய்ந்தது. ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது.

ஆவி சார் சுவரில் காதை வைத்தார். நானும் வைத்தேன். சத்தியமாக மூச்சுதான். ஏற்றம் ஏறி வந்த ஆள், யாருக்கும் கேட்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு விடும் மூச்சு. ஈரமண் வாசனையோடு சில்லென்று காதில் பட்டது.

'காத்துதாங்க' என்று ஆவி சார் இப்போது சொல்வார், வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் காதை எடுத்தார். நான் கேட்டறியாத கனத்த குரலில் சொன்னார்:

"சின்னத்தாயி, புள்ளைகள கூட்டிக்கிட்டு மேல போ. நிக்காத."

பார்வதியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நிமிஷம் ஆவி சார் வாசலில் நின்று சொந்தக் குரலில் கத்திக்கொண்டிருந்தார். "எல்லாரும் வெளிய வாங்க! சர்ச்சுக்குப் போங்க! சாமான எடுக்காதீங்க!" அதிகாரிகள் சொல்லி அசையாத லயம், ஆவி சார் சொன்னதும் காலியாயிற்று. சாமான் எடுக்காதே என்றால் கேட்பார்களா? டிவியோடும் பானையோடும்தான் ஏறினார்கள். நடக்க முடியாத ஒரு கிழவரை அந்தக் குடை உடம்பு முதுகில் சுமந்துகொண்டு ஏறியது.

சர்ச்சில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மலை இறங்கியது. இடி போல இல்லை. நீளமாக, ஒரு பெருமூச்சு போல. மூட்டம் விலகியபோது கீழ் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. அதற்குள் புதிதாக ஒருத்தரும் அகப்படவில்லை.

பார்வதியக்கா ஆவி சாரின் முன்னால் வந்து நின்றார். "எம்பேரு தோட்டத்து செக்ரோல் பதிவுலயும் பார்வதிதான் சாரு. சின்னத்தாயின்னு அவரு மட்டுந்தான் கூப்பிடுவாரு. அதுவும் யாரும் பக்கத்துல இல்லாதப்பதான். ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

ஆவி சார் என்னைப் பார்த்தார். "நான் அப்படியாண்ணே சொன்னேன்?"

"ஆமா."

அவர் கையிலிருந்த தேநீர் சட்டையெல்லாம் கொட்டியது.

பிறகு கேட்டுப் பார்த்தேன். "தம்பி, அது காத்தா, மூச்சா, மத்ததா?"

"மண்ணு நகரும்போது உள்ளுக்குள்ள இருக்கிற காத்து வெடிப்பு வழியா வெளிய வரும்ணே. அவ்வளவுதான்."

"அப்ப அந்தப் பேரு?"

அவர் தன் பாயை என் அறைக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டார். இழுக்காவிட்டால் நான் என் பாயோடு அவர் அறைக்குப் போயிருப்பேன்.

அந்தக் குடும்பங்களுக்குத் தற்காலிகக் கொட்டகை கிடைக்கும்வரை ஆராய்ச்சியைத் தூரப் போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். அப்புறம்தான் எழுதி முடித்தார். பட்டமும் கிடைத்தது. இப்போது பனி கொட்டுகிற ஒரு தேசத்தில் பாடம் நடத்துகிறார்.

அங்கே எல்லாத் தேயிலையும் கிடைக்குமாம், அனுப்பாதீங்கண்ணே என்கிறார். கிடைக்கட்டும். நல்ல தூளாகப் பார்த்து ஒரு பொட்டலம் நான் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். போஸ்ட் ஆபீஸில் இருக்கும் நோனாம்மா முத்திரை குத்திக்கொண்டே சிங்களத்தில் கேட்பார், யாருக்கு என்று.

"மல்லிட்ட" என்பேன். தம்பிக்கு.