முப்பத்தேழாம் பந்துக்கு ஞாபகசக்தி இல்லை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ரூலீனா அக்காவுக்கு, தம்பி ஹார்ம் எழுதுவது. இங்கே நானும் கேயாவும் சௌக்கியம், பால் வண்டியும் மக்கர் செய்யவில்லை. உன் புது இடுப்பு மூட்டு உன்னைச் சீக்கிரம் நடக்க வைக்கட்டும், ஆஸ்பத்திரி சூப்பிலிருந்து உனக்கு விடுதலை கிடைக்கட்டும். இத்துடன் வரும் பொட்டலத்தில் அத்தானின் வால் கோட்டு இருக்கிறது. முதுகுத் தையலைப் பார்த்தால் கத்துவார். அதற்கு முன்னால் இதைப் படித்துக் காட்டிவிடு.

நம் மரைக்கே போன வாரம் க்ரோனிங்கனில் டாக்டர் பட்டத்துக்காகப் பேராசிரியர்கள் முன்னால் நின்றாள். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி அதற்கும் பக்கத்துணையாக இரண்டு பேர் நிற்க வேண்டுமே, ஒருத்தி அவள் சிநேகிதி, இன்னொருவன் நான்தான் என்று சொல்லிவிட்டாள். "ஏம்மா, பால் வண்டி ஓட்டுறவன் அங்க நின்னு என்ன செய்யறது?" என்றேன். "ஒண்ணும் செய்யாதேப்பா. வாயைத் திறக்காம நிக்கணும், அவ்வளவுதான்" என்றாள். "கல்யாணமான நாள்லேர்ந்து நான் கேக்கறதும் அதேதான்" என்றாள் கேயா. என் வாய்தான் உனக்குத் தெரியுமே அக்கா. நம் குடும்பத்தில் யாரும் ஏறாத படியில் பிள்ளை ஏறும்போது, என்னால் அவள் சறுக்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை முழுக்க.

அவள் படித்தது எதைப் பற்றி என்றால், ஒழுங்கே இல்லாததைப் பற்றி. சிரிக்காதே, "அதுக்கு உன் அறையைப் பார்த்தாலே போதுமே" என்று நானும் சிரித்துத் திட்டு வாங்கினேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே விளக்கினாள். காசை முடிவே இல்லாமல் சுண்டிச் சுண்டிப் பூவா தலையா என்று எழுதிக்கொண்டே போனால், அந்த வரிசை நிஜமாகவே தற்செயலானதுதானா என்று எப்படித் தெரியும்? மூன்று பேரைக் கூப்பிட வேண்டுமாம். முதல் ஆள் மூட்டை கட்டுகிறவன், எவ்வளவு அமுக்கினாலும் அதைச் சுருக்கிச் சொல்ல அவனால் முடியாது, உள்ளதை உள்ளபடி ஒப்பித்தால்தான் உண்டு. அடுத்தவன் சல்லடைக்காரன், இயந்திரத்தால் செய்யக்கூடிய எந்தச் சல்லடையிலும் அது மாட்டாது. மூன்றாமவன் சூதாடி, எந்தக் கணக்குப் போட்டுப் பந்தயம் கட்டினாலும் பணக்காரனாக மாட்டான். ஒருத்தனுக்கொருத்தன் சம்பந்தமே இல்லாத இந்த மூன்று பேரும் கையை விரிப்பது அச்சாக ஒரே வரிசைகளிடம்தானாம். "மூணு வாசல், ஒரே வீடுப்பா!" என்று தோலும் கத்தியுமாகக் குதித்தாள். நானும் குதித்தேன், பாதிதான் புரிந்தது, ஆனாலும் குதித்தேன். பிறகு, ஊர் மன்றத்தில் வெள்ளிக்கிழமை பிங்கோ ஆட்டத்துக்கு எண் போட்ட பந்து எடுக்கிறவன் என்ற முறையில், முப்பத்தேழு சில வாரம் முறைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும், அப்புறம் வந்தே தீரும் என்று என் அனுபவத்தைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த நாளும் வந்தது, அத்தானிடம் இரவல் வாங்கிய வால் கோட்டுக்குள் என்னைத் திணித்துக்கொண்டு நின்றேன். கறுப்பு அங்கிப் பேராசிரியர்கள் வரிசையாகக் கேட்க, அந்த மூன்று வாசல், ஒரே வீட்டுக் கதையையே வைத்து, பனிச்சறுக்கு ஆடுகிறவள் மாதிரி லாவகமாகப் பதில் சொன்னாள். கடைசியில் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நீள மூஞ்சிக்காரர் எழுந்து, "உங்க சூதாடி வரிசையாப் பார்க்காம, முன்னும் பின்னும் இஷ்டத்துக்குத் தாவித் தாவிப் பந்தயம் கட்டினா? அப்பவும் அதே வீடுதானா?" என்றார். மரைக்கே விட்டத்தைப் பார்த்தாள். போச்சு, பிள்ளை மாட்டிக்கொண்டாள் என்று நான் மூச்சை இழுத்துப் பிடித்தேனா, அத்தானோ ஊர் பேண்டு வாத்தியத்தில் ஒல்லிக் குழல் ஊதுகிற, அதே குழல் மாதிரி ஒல்லியான ஆள், அவர் கோட்டு என் முதுகில் டர்ர்ரென்று கிழிந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பக்கத்துணையும் ஏதோ சொல்ல ஆசைப்படறார் போல" என்று நீள மூஞ்சிக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஆய்வேட்டோட சேர்த்து இவங்க அச்சடிச்சிருக்கிற சொந்தக் கருத்துகள்ல கடைசியை அவரே வாசிக்கட்டும்." பக்கத்துணையை வாசிக்கச் சொல்வது அங்கே வழக்கம்தான். வாசித்தேன். 'என் அப்பா நம்புவதற்கு மாறாக, முப்பத்தேழாம் பந்துக்கு ஞாபகசக்தி இல்லை.'

மண்டபமே சிரித்தது. அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். "ஐயா, இதை எழுதினவ ஒரு தடவைகூடப் பந்து எடுத்ததில்ல!" என்றேன். "அப்படியா, அது வரும்னு முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?" "பின்னே? போன மாசம் வந்துச்சு, யான்ட்யே கிழவி ஒரு முழுப் பன்றித்தொடை ஜெயிச்சா!" "அப்போ பந்தயம் கட்டிப் பணக்காரர் ஆயிருப்பீங்களே?" "ஆயிருந்தா இரவல் கோட்டுலயா ஐயா நிப்பேன்?" "அப்ப உங்க பொண்ணு சொன்னதுதான் சரி!" என்று அவர் மேசையைத் தட்டவும், கதவு திறந்து, நேரம் பார்க்கிற பல்கலைக்கழகச் சேவகர் சலங்கை கட்டிய கோலைத் தரையில் இடித்து, "நேரமாயிற்று!" என்று லத்தீனில் முழங்கவும் சரியாக இருந்தது. அந்தச் சலங்கை ஒலித்தால் பாதி வார்த்தையில் நின்றாலும் விடுதலைதான் அக்கா! என் வாய் ஒரு நாளாவது பிள்ளையைக் காப்பாற்றியது. சிவப்புக் குழலில் பட்டத்தைச் சுருட்டிக் கொடுத்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்ததாகக் கேயா ஊரெல்லாம் சொல்கிறாள், நம்பாதே, அது அத்தானின் கோட்டில் இருந்த அந்துருண்டை.

அத்தானுக்கு என் வணக்கம். பொட்டலத்தில் கோட்டுக்கு நடுவே இருக்கும் சீரகப் பாலாடைக்கட்டி அவர் கோபத்துக்காக, அவருக்கு முன்னால் நீ தின்றுவிடாதே. நீ ஓடியாடி நூறாண்டு இருக்க வேண்டும்.

உன் தம்பி,
ஹார்ம்

பின்குறிப்பு: ஒட்டுமுன் மரைக்கே இதைப் படித்துவிட்டாள். "நான் முழிக்கலப்பா. அந்தக் கேள்விக்கு விடை இந்த உலகத்துல இன்னும் யாருக்குமே தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், நீ பூந்துட்டே" என்கிறாள். போதாக்குறைக்கு, இந்தக் கடிதம் தற்செயலே இல்லையாம், நன்றாகச் சுருக்கலாமாம். சுருக்கியும் கொடுத்தாள்: 'நான் டாக்டராயிட்டேன், அப்பா அழுதார்.' மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போடு அக்கா, அந்துருண்டையையும் சேர்த்து.