பொறுமைக்கடலின் மனைவி

சத்தம் அளக்கும் கருவியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியபோது வீட்டில் இடி விழவில்லை, கூரை சரியவில்லை. சமையலறையிலிருந்து அம்மா, "துண்டு கட்டில் மேல இருக்கு!" என்று அப்பாவிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். வீட்டில்தான் அவள் பாப்பா. கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. ஒலி மாசு பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியை, ஒரு வாரம் அவரவர் வீட்டுச் சத்தத்தை அளந்து, எது தேவையான சத்தம், எது வீண் சத்தம் என்று பிரித்து எழுதிவரச் சொல்லியிருந்தார். நன்றாக எழுதும் ஒருவரை விடுமுறையில் பறவைகளின் குரலைப் பதிவு செய்யக் காட்டுக்கு அழைத்துப் போவாராம். பாப்பா மனசுக்குள் பெட்டி கட்டி முடித்தே விட்டாள்.

"மெயின் ரோட்டுல லாரி போறப்பகூட மீட்டர் இவ்வளவு காட்டலம்மா!"

"நான் எங்கடி கத்தினேன்?"

"இப்பத்தான்!" என்று மாடி வீட்டு அக்காவின் பதில் ஜன்னல் வழியாக வந்தது.

தெருவில் அம்மாவுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அவள் போனில் பேசினால் போன் தேவையில்லை என்பார்கள். போதாததற்கு, யார் எதைச் சொன்னாலும் மறு ஒலிபரப்பு வேறு. "பாப்பா காட்டுக்குப் போகணுமாம்!" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அறிவிப்பாள். அப்பாவுக்குத் தெரு வைத்த பெயர் பொறுமைக்கடல். இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. பொறுமையில் பூமாதேவியே அவரிடம் பிச்சை வாங்க வேண்டும் என்று பாப்பாவும் நினைப்பதுண்டு.

"ஒரே ஒரு வாரம் மெதுவா பேசும்மா. அப்பாவுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உன் படிப்பைவிட எனக்கு என்ன பெரிசு?" என்றாள். அன்றிலிருந்து போனையும் அணைத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அடுப்பில் பால் பொங்கி வந்தது, குளியலறையில் வாளி நிரம்பி வழிந்தது. அம்மா ஒரு கையால் பாலைக் கிளறிக்கொண்டே, மறு கையைத் திருகிக் காட்டிக் குழாயை மூடச் சொன்னாள். அப்பா புன்னகையோடு தலையாட்டினார். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். அதற்குள் கூடம் குளமாகியிருந்தது. அம்மா ஓடிப்போய்த் திருகிய வேகத்தில் குழாய்ப்பிடி கையோடு வந்துவிட்டது.

"பிளம்பர் வருவாருப்பா. நானும் அம்மாவும் வெளிய போறோம். நீங்கதான் கதவைத் திறக்கணும்" என்று முகம் மழித்துக்கொண்டிருந்த அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து பாப்பா மென்மையாகச் சொன்னாள். அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

பிளம்பர் வந்தார், மணியடித்தார், கதவைத் தட்டினார், திட்டிவிட்டுப் போனார். அப்பா உள்ளேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இந்த மன ஒருமைப்பாடு தனக்கு வந்தால் வகுப்பில் தான்தான் முதல் என்று பாப்பா வியந்தாள்.

மறுபடி கெஞ்சிக் கூட்டிவந்த பிளம்பர், தன் கோபத்தையெல்லாம் சுவர் மேல் காட்டினார். நாள் முழுக்கச் சுத்தியல் அடி. முள் சிவப்பிலேயே குடித்தனம் நடத்தியது.

அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. அதுதான் கடைசியில் வினையாகப் போயிற்று.

"ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையாமே?" என்று மாடி வீட்டு அக்கா, நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்தாள். "குடும்பம்னா ஆயிரம் இருக்கும். நீதான் விட்டுக்கொடுக்கணும்!"

"சண்டையே இல்லக்கா" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

"பாருங்க, குரலே வரல! அழுது அழுது தொண்டை கட்டிடுச்சு!"

எல்லாரும் ஒரே நேரத்தில் ஆறுதல் சொன்னார்கள். கருவி இதுவரை காணாத உயரத்தைக் கண்டது. அப்பாவோ நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் பொதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்! இவரை வெச்சுக் குடும்பம் நடத்தக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பாப்பாவுக்கு அழுகை வந்தது. நாளைக்குக் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். இந்த வாரக் கணக்கில் உருப்படியானது முதல் நாள் அளவு மட்டும்தான். வேறு வழியில்லாமல் எழுதத் தொடங்கினாள். சத்தம் வருமிடம்: அம்மா. வகை: வீண் சத்தம். எழுதும்போது கை கூசியது. அறிவியலில் பாசம் பார்க்கக் கூடாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வாசலில் யாரோ செருமினார்கள். அப்பாவின் அலுவலக உதவியாளர், அப்பா மறந்து வைத்துவிட்டு வந்த பையோடு நின்றிருந்தார். கூட்டத்தைப் பார்த்துத் தயங்கியவர், நேராக அம்மாவிடம் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஏன் ஒரு வாரமா சாருக்குப் போன்கூடப் பண்றதில்ல? காது கேக்காத மனுஷனுக்கு இந்த உலகத்துல எட்டுறது உங்க குரல் ஒண்ணுதான், அதையும் நிறுத்திட்டா சார் என்ன பண்ணுவாரு?"