ஃபேனுக்குள்ள தூங்குற குளிர்

ஃபேனுக்கு உடம்பு சரியில்லைன்னு தோள்ல தூக்கிட்டுப் போற ஜனத்தை நீங்க பார்த்ததில்லையே. அந்த வருஷ வெயில்ல அந்த ஊர்ல பார்த்திருக்கலாம். சீலிங் ஃபேனைக் கழட்டி, ரெக்கைக்கு ஒருத்தர், மோட்டாருக்கு ஒருத்தர்னு பங்கு போட்டுத் தூக்கிட்டு வந்தாங்க. டேபிள் ஃபேனை இடுப்புல வச்சுக்கிட்டு, அது முகத்துல வெயில் படாம முந்தானையை வேற போட்டு மூடிட்டு வந்தாங்க. தூக்கிட்டு வர்ற மனுஷனுக்குத்தான் வேர்த்துக் கொட்டுச்சு. ஃபேன் சொகுசா வந்துச்சு.

எல்லாரும் போனது மூடிக் கிடந்த ஒரு பர்னிச்சர் குடோனுக்கு. அங்கேதான் குளிரய்யா இருந்தாரு.

குளிரய்யா கொளுத்துற வெயில்ல ஸ்வெட்டர் போட்டு, கழுத்துல மப்ளர் சுத்தி உட்கார்ந்திருப்பாரு. அவருக்குள்ள அவ்வளவு குளிராம், தாங்க முடியலையாம். அவரோட போதனை ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு ஃபேனுக்குள்ளயும் குளிர் தூங்குது. ஏ.சி. கம்பெனிக்காரன் அதை எழுப்ப விடாம நம்மளை ஏமாத்துறான். அய்யாவோட செப்புத் தகடை ஃபேனோட அடிவயித்துல ஒட்டினா அது முழிச்சுக்கும். ஃபேனே ஏ.சி. ஆயிடும், கரண்ட் பில்லும் ஏறாது. அய்யா காசே தொட மாட்டாரு. தகடுக்கு மட்டும் வாங்கிப்பாரு. அதையும் பக்கத்துல இருக்கிற ஆள்தான் தொடுவான்.

அந்தக் கூட்டத்துல, பெட்ஷீட்ல ஃபேனைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு டெய்லரும் நின்னாரு.

டெய்லர் முட்டாள் இல்ல. ஒரு தடவை ஆளைப் பார்த்தா அளவு டேப்பே இல்லாம சட்டை தச்சுக் கொடுத்துடுவாரு. ஆனா வீட்டுல அவரோட மாமனார் இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்துக் கிடந்தாரு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். எழுந்து திடமா நாலு அடி நடக்க முடியாத மனுஷனைப் பொண்ணு வீட்டுல கொண்டுவந்து வச்சிருந்தாங்க. வீட்டுக்கு மேல தகரம். மத்தியானம் ஆனா அந்த ரூம் வடை சட்டி மாதிரி காயும். "இந்த வெயிலுக்குள்ள ஏ.சி. போட்டுடலாம் மாமா"ன்னு டெய்லர் வாய் விட்டுட்டாரு. போட வழியில்ல. வாக்குக் கொடுத்துட்டு அதே ரூமுக்குத் தினமும் சாப்பாட்டுத் தட்டோட போறது எவ்வளவு கஷ்டம்னு கொடுத்தவனுக்குத்தான் தெரியும்.

அவர் முறை வந்துச்சு. ஃபேனைக் குடோன் கொக்கியில மாட்டி, தகடை ஒட்டினாங்க. அய்யாவோட ஆள் ஒருத்தன் பாட்டில்லேர்ந்து 'குளிர் நீர்' எடுத்து டெய்லரோட கழுத்து, நெத்தி, ரெண்டு கைன்னு தாராளமாத் தடவினான். ரோஜா வாசனை தூக்கிச்சு. அப்படியே ஃபேனுக்கு அடியில நிறுத்தி, சுவிட்சைப் போட்டான். டெய்லருக்கு முதுகுத்தண்டு வரைக்கும் சிலிர்த்துடுச்சு. பொய் இல்ல, நிஜமாவே ஜில்லுன்னு இருந்துச்சு. பின்னாடி நின்ன டீக்கடைக்காரர் கண்ணுல தண்ணியோட கும்பிட்டாரு. அவர் ஏற்கெனவே கடைக்கு, வீட்டுக்கு, மாமியார் வீட்டுக்குன்னு தகடு வாங்கினவரு. இப்ப தன் சட்டைப் பைக்குன்னு தனியா ஒண்ணு வாங்க வந்திருந்தாரு.

அய்யா மூணே நிபந்தனை சொன்னாரு. ஃபேனை ராத்திரி பகல் எப்பவும் அணைக்கக் கூடாது, வீட்டுல ஆள் இல்லைன்னாலும் ஓடணும், குளிர் சேரணும். ஜன்னல் கதவு எல்லாத்தையும் அடைக்கணும், சேர்ந்த குளிர் ஓடிப் போயிடக் கூடாது. மூணாவதுதான் முக்கியம். சந்தேகப்படக் கூடாது. சந்தேகம் ரொம்பச் சூடாம்.

டெய்லர் வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பிச்சாரு. ஜன்னலை இழுத்துச் சாத்தினாரு. கதவுக்கு அடியில விரற்கடை சந்து இருந்துச்சு. அவருக்குத்தான் கைவேலை இருக்கே. வெட்டின துணி மிச்சத்தை எல்லாம் திணிச்சு, கதவு நீளத்துக்கு ஒரு ஒல்லித் தலகாணி தச்சு அடியில சொருகினாரு. அளவு கச்சிதம். ஒரு எறும்பு நுழைய முடியாது.

அதைப் பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்தாங்க. அடுத்த நாளே தெரு முழுக்க ஆர்டர். "டெய்லரே, எங்க கதவுக்கும் ஒரு குளிர்த் தலகாணி." கல்யாண ரவிக்கை எல்லாம் ஓரமாப் போச்சு. ஊரே தன்னை மூட்டை கட்டி அடைச்சுக்கிட்டு உள்ளே வேர்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. வெளியே சும்மா வீசின சாயங்காலக் காத்து வீடு வீடாத் தட்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு.

டெய்லர் பொண்டாட்டி சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கிட்டே கேட்டா, "என்னங்க, குளிர் சேருதுன்னா அந்த ரூமுக்குள்ள போனா எனக்கு ஏன் மூச்சு முட்டுது?"

சுவத்துக்குள்ள ஒளிஞ்சிருந்த பழைய சூடு இப்பத்தான் வெளியே வருதாம், வந்து முடிஞ்சா குளிர் தெரியுமாம்னு டெய்லர் சொன்னாரு. இது அய்யா சொன்னது. வீட்டுல யாரோ சந்தேகப்படுறாங்கன்னும் அய்யா சொல்லியிருந்தாரு. அதைச் சொல்லாம, பொண்டாட்டியை ஒரு மாதிரி பார்த்தாரு. அவ ஊசியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு அவரைத் திருப்பி ஒரு மாதிரி பார்த்தா.

மாமனார்கிட்ட போய்க் கேட்டாரு. "மாமா, எப்படி இருக்கு?"

கண்டக்டரா இருந்த காலத்துல, புட்போர்டுல தொங்குறவனைக்கூட சிரிக்க வச்சு உள்ளே ஏத்துற மனுஷன் அவரு. நெத்தி வேர்வையைத் துண்டால துடைச்சுட்டுச் சொன்னாரு, "ஏ.சி. பஸ் தோத்துச்சு மாப்ளே. போர்வை இருந்தா ஒண்ணு கொடுங்க."

டெய்லர் சந்தோஷமா போர்வை எடுத்துக் கொடுத்தாரு. பெரியவர் அதையும் வாங்கிப் போர்த்திக்கிட்டாரு. பொண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுல வந்து படுத்துட்டு, மாப்பிள்ளை ஆசையா செஞ்சதைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரலை. அய்யா வித்த தகடுல இல்லாத அருள் அந்தப் பொய்யில இருந்துச்சு. ஆனா உடம்புக்கு அருள் எல்லாம் தெரியாது. அதுக்குச் சூடுதான் தெரியும்.

ஒரு மத்தியானம். பொண்டாட்டி தச்ச யூனிபார்மைக் கொடுக்கப் போயிருந்தா. டெய்லர் முன்னாடி ரூம்ல தலகாணி மேல தலகாணியா ஓட்டிக்கிட்டிருந்தாரு. உள்ளேர்ந்து சத்தம் வந்துச்சு. "பின்னாடி யாரு டிக்கெட் வாங்காதவங்க? சில்லறையை எடுத்து வைங்க." டெய்லர் சிரிச்சுட்டாரு. மாமா இன்னிக்கு நல்ல குஷியில இருக்காருன்னு மெஷினை இன்னும் வேகமா மிதிச்சாரு.

பொண்டாட்டி திரும்பி வந்து மாமனார் ரூம் கதவைத் திறந்தா. தலகாணி சிக்கிக்கிட்டுத் திறக்கலை. தோளால இடிச்சுத் திறந்தா. போர்வைக்குள்ள அப்பா உடம்பு அனலாக் கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. வேர்வைகூட நின்னு போச்சு. உதடு வெடிச்சுக் கிடந்துச்சு. அங்கே இல்லாத பயணிகிட்ட டிக்கெட் கேட்டுக்கிட்டே இருந்தாரு. மேலே ஃபேன் தகடோட ஜோராச் சுத்திக்கிட்டிருந்துச்சு.

ஜன்னலை உடைக்காத குறையாத் திறந்தா. ஈரத் துணியால உடம்பைச் சுத்தினா. டெய்லர் ஆட்டோ பிடிக்க ஓடினாரு. ஓடும்போதுதான் அவருக்குத் தான் சிரிச்சது ஞாபகம் வந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா நல்லாத் திட்டினாங்க. ஃபேன் ரூமைக் குளிர வைக்கிற சாமான் இல்ல, அதோட காத்து உடம்பு மேல பட்டு வேர்வையை உலர்த்தும், உலரும்போது உங்களுக்குக் குளிரும், அவ்வளவுதான்னாங்க. அடைச்சு வச்ச ரூம்ல இருக்கிற சூட்டையே அது கடைஞ்சு கடைஞ்சு ஆள் மேல ஊத்தும். ஆளில்லாத ரூம்ல ஓடினா யாருக்குக் குளிரும், சுவத்துக்கா? அணைச்சிடணும். இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா உங்க மாமனாரை வேற வண்டியிலதான் கொண்டு வந்திருப்பீங்கன்னாங்க.

ரெண்டு நாள்ல பெரியவருக்கு நினைவு தெளிஞ்சுது. ஊசி போட வந்த நர்ஸ், பஞ்சுல ஸ்பிரிட்டை நனைச்சுக் கையில தேய்ச்சாங்க. வார்டு ஃபேன் மேலே ஓடிக்கிட்டிருந்துச்சு. பெரியவர் மெதுவாச் சொன்னாரு, "இதுதாம்மா ஜில்லுன்னு இருக்கறது. வீட்டுல இருந்தது எல்லாம் சும்மா."

அந்த 'சும்மா' டெய்லருக்குச் சுருக்குன்னு குத்திச்சு. குனிஞ்சவர் அந்தப் பஞ்சை மோந்து பார்த்தாரு. ரோஜாவை எடுத்துட்டா, அதே வாசனை. குடோன்ல அவர் கழுத்துல தடவின அதே வாசனை.

வீட்டுல இன்னும் தச்சு முடிக்காத தலகாணி ஆர்டர் கிடந்துச்சு. வாயை மூடிக்கிட்டு இருந்தா வண்டி ஓடும். டெய்லர் ஒரு நிமிஷம் அதையும் நினைச்சாருங்கறது உண்மை. அப்புறம் பொண்டாட்டியை வராண்டாவுக்குக் கூட்டிப் போய் எல்லாத்தையும் சொன்னாரு. அவ திட்டுவான்னு பார்த்தாரு. அவ, "மூணு தொப்பி தச்சுக் கொடுங்க. ஃபேனோட வயித்தை மூடுற மாதிரி"ன்னா.

ஞாயித்துக்கிழமை குடோன்ல கூட்டம் வழிஞ்சுச்சு. அவ முன்னாடி போய் நின்னு, மரியாதையாத்தான் கேட்டா. இங்கே மேலே மூணு ஃபேன் இருக்கு, மூணுக்கும் தொப்பி மாட்டிடலாம், ஒண்ணுல மட்டும் தகடு. எது தகடு ஃபேன்னு அய்யாவும் ஜனங்களும் கீழே நின்னு, குளிரை வச்சுச் சொல்லட்டும். குளிர் நீர் மட்டும் வேண்டாம்.

குளிரய்யா மப்ளரை இறுக்கிக்கிட்டாரு. நீர் இல்லாம குளிர் இறங்காதுன்னாரு.

"அப்ப குளிர் தகடுல இருக்கா, தண்ணியில இருக்கா? தண்ணியிலன்னா பாட்டிலைக் கொடுங்கய்யா. எங்க வீட்டுப் பழைய ஃபேனே போதும்."

கூட்டத்துல ஒரு சலசலப்பு. அய்யா அடுத்த அஸ்திரத்தை எடுத்தாரு. நம்பாதவங்க இருக்கிற இடத்துல குளிர் வராதாம். அவ உடனே, நான் வாசல்ல நிக்கிறேன், உள்ளே நம்புறவங்க மட்டும் இருங்கன்னு வெளியே போயிட்டா. டெய்லரும் கூடவே போயிட்டாரு. இதுக்கு மேல அய்யா என்ன சொல்லியிருப்பாரோ, அதுக்குள்ள டீக்கடைக்காரர் குறுக்கே பூந்து, அய்யாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா, நானே மாட்டுறேன்னு ஏணியைத் தூக்கிட்டாரு. பக்தன் இருக்கானே, எதிரியால செய்ய முடியாததை எல்லாம் செஞ்சு கொடுப்பான்.

எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, டீக்கடைக்காரர் தனியா ஏறி மூணு தொப்பியையும் மாட்டினாரு. நம்புறவங்க உள்ளே வந்தாங்க. கையை நல்லாத் துடைச்சுக்கிட்டாங்க. ஃபேன் மூணும் ஓடுச்சு. ஒரு அம்மா முதல் ஃபேனுக்கு அடியில நின்னு, இங்கேதான் இங்கேதான்னு சிலிர்த்தாங்க. அவங்க புருஷன் மூணாவதுக்கு அடியில நின்னு, உனக்கு எப்பவும் தப்பாத்தான் தெரியும்னாரு. அவங்களுக்குள்ள வீட்டுச் சண்டையே ஆரம்பிச்சுடுச்சு. கடைசியில அய்யா கண்ணை மூடி, மூணுக்கும் அடியில நடந்து, நடு ஃபேனுக்குக் கீழே வந்து பல்லு தந்தியடிக்க நடுங்கினாரு. "இதோ. தாங்கலை. போர்வை கொடுங்க."

உடனே முதல் ஃபேன் அம்மாவும் மூணாவது ஃபேன் புருஷனும் நடு ஃபேனுக்கு வந்து சேர்ந்து நடுங்கினாங்க. குடும்பம் ஒண்ணு சேர்ந்துச்சு. அய்யா செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான்.

சுவிட்சை அணைச்சாங்க. டீக்கடைக்காரர் ஏறி நடு ஃபேன் தொப்பியைக் கழட்டினாரு. ஒண்ணும் இல்ல. முதல் ஃபேன், ஒண்ணும் இல்ல. மூணாவதுலயும் ஒண்ணும் இல்ல.

எல்லாரும் டீக்கடைக்காரரைப் பார்த்தாங்க. அவர் ஏணி மேலேயே நின்னு, சட்டைப் பையில கையை விட்டுத் தகடை எடுத்துக் காட்டினாரு. முகம் தொங்கிப் போச்சு. "மேலே மாட்டிட்டு வந்தா யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்களோன்னு பயம். நெஞ்சுலயே வச்சுக்கிட்டேன். அய்யாவுக்கு எப்படியும் தெரியும்னு நினைச்சேன்."

தகடை நெஞ்சுல வச்சிருந்த மனுஷனோட சட்டை, அந்தக் குடோன்லயே அதிகமா நனைஞ்ச சட்டை. பிழிஞ்சா ஒரு டம்ளர் வரும்.

அப்புறம் பின்னாடியிருந்து ஒருத்தர், குளிர் நீர் பாட்டிலைத் திறந்து கையில தடவி, விசிறி மட்டையால விசிறிப் பார்த்தாரு. ஜில்லுன்னு இருந்துச்சு. பாட்டில் கை மாறிக் கை மாறிப் போச்சு. ஊரே மோந்து பார்த்துச்சு; ரோஜாவுக்கு அடியில ஊசி போடுற ஸ்பிரிட் வாசனை. ஆஸ்பத்திரிக்குப் போகாத மூக்கு அங்கே எது? அய்யாவோட ஆளுங்க பின்வாசல் பக்கம் போனாங்க. அங்கே போலீஸ்காரர் நின்னாரு. அவரும் போன வாரம் ஃபேனைத் தூக்கிட்டு வந்தவர்தான், அதனால கோபம் கொஞ்சம் கூடவே இருந்துச்சு. ஸ்வெட்டருக்குள்ள குளிரய்யா வேர்த்து வழிஞ்சாரு. அவர் முகத்துல நிஜமான ஒண்ணை ஊர் பார்த்தது அன்னிக்குத்தான்.

பெரியவர் வீட்டுக்குத் திரும்பி வந்தாரு. ஜன்னல் ரெண்டையும் திறந்து வச்சு, தகரத்து மேல நனைச்ச சாக்கு போட்டு, கட்டிலைக் காத்து வர்ற பக்கமாத் திருப்பிப் போட்டிருந்தாங்க. டெய்லர் ஃபேனைப் போட்டுட்டு, கட்டில் ஓரமாத் தயங்கித் தயங்கி நின்னு கேட்டாரு. "மாமா, நிஜத்தைச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

"சூடாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா காத்து வருது."

டெய்லருக்கு அந்தப் பதில் போதுமா இருந்துச்சு.

ஊரைப் பத்திக் கேக்குறீங்களா? ஒரு மாசம் நல்லா யோசிச்சுச்சு. அப்புறம், மீட்டர் மேல ஒட்டினா கரண்ட் பில் குறையுற காந்தம் ஒண்ணு வந்திருக்காம், டீக்கடைக்காரர் விசாரிச்சுக்கிட்டிருக்காராம். ஐயா, அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடினா கரண்ட்தான் தண்டம். ஆள் இருந்தும் மண்டை ஓடலைன்னா, ஆளே தண்டம்.