ஆட்டம் என்றால் ஆடவேண்டும்

எங்கள் ஊரான முதலமடையில் ஒரு திரைப்படத்தையேனும் முழுமையாகப் பார்க்காமலே எல்லாப் படங்களின் முடிவையும் அறிந்திருந்தவர் ஒருவர்தாம். ‘இடைவேளை’ என்பது நாங்கள் அவருக்கு இட்ட பெயர். தொழில், மாங்காய்த் தரகு. டாக்கீஸில் இடைவேளை மணி அடித்ததும் எழுந்து போய்விடுவார். பாதிக் கதை அவர்களுடையது, மீதி தம்முடையது என்பது அவர் கட்சி. அவர் சொல்லும் முடிவுகளில் கதாநாயகிகள் அழுததில்லை. வில்லன்கள் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நொடித்துப்போனார்கள்.

எழுபதுகளின் இறுதியில் அவர் மைத்துனர் துபாயிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் அதில் இணைத்து ஆடும் கருவியும் கொண்டுவந்தார். ஒளிபரப்பு எங்கள் ஊரை எட்டாத காலம். பெட்டியில் தெரிந்தவை இரண்டு வெள்ளைக் கோடுகளும் அவற்றிடையே ஓடும் ஒரு புள்ளியுமே. எதிரெதிரே இருவர் அமர்ந்து, கருவியில் ஆளுக்கொரு திருகைத் திருப்பிக் கோட்டை நகர்த்திப் புள்ளியைத் தடுக்கவேண்டும். இடைவேளையின் வீட்டில் மின்சாரம் இல்லை; வாசகசாலையில் இருந்தது. ஞாயிறுதோறும் அங்கே ஆட அனுமதி கேட்டார்.

வாசகசாலைச் செயலாளர் ஒரு பள்ளி ஆசிரியர். உயர்ந்த பழைய படங்களைத் தருவித்துத் திரையிட்டு, அவற்றுக்கு மதிப்பெண்ணும் இடுபவர். முதலில் ஆட்டத்தை ஓட்டிக் காட்டச் சொல்லி, அதே அளவுகோலுடன் பெட்டியின் முன் அமர்ந்தார். கூடியிருந்தவர்களில் ஒருவர், எந்தக் கோடு கதாநாயகன் என்று விசாரித்தார். ஆசிரியர் கதைக்குச் சுழி இட்டார்; நடிப்புக்கும் சுழி. ‘டொக், டொக்’ என்ற ஒலியைக் கருதி இசைக்கு அரை மதிப்பெண்.

“கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலீங்களே. இதையும் சினிமாவையும் ஒரே எடத்துல வெக்கறதாங்க?” என்றார் ஆசிரியர்.

இடைவேளை துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏனுங்க வாத்தியாரே, மாம்பழத்தை நக்கிப் பாக்கலாமுங்க. ஊஞ்சலையும் நக்கிப் பாத்துட்டு இனிப்பில்லைங்கறீங்களே?”

கூட்டம் சிரித்தது. சிரிப்பு வாதமாகாது என்று ஆசிரியர் கண்டித்தார். இடைவேளை சுவரிலிருந்த திரையிடல் அறிவிப்பைக் காட்டினார்.

“உங்க படத்துக்கும் மொத ஆட்டம், ரெண்டாம் ஆட்டம்னுதான் எழுதி ஒட்டியிருக்கீங்க. அதுல ஆடறது ஆருங்க? நாம உக்காந்தேதான இருக்கறோம்? உங்க படம் ஒசத்திதானுங்க, நானும் பாதி வரைக்கும் அழுதிருக்கறேன். ஆனா அந்த மார்க்கு இதுக்கு வேண்டாமுங்க. நூத்துக்கு நூறு போட்டாலும் வேண்டாமுங்க.”

அனுமதி மறுக்கப்பட்டது. அவர் கெஞ்சவில்லை. மாங்காய்க் கூடையில் வைக்கோலிட்டுப் பெட்டியை இறக்கி, மின்சாரம் இருந்த அரிசி ஆலைக்குத் தூக்கிப்போனார். ஆசிரியரின் முகத்துக்கு அஞ்சி ஒருவரும் பின்தொடரவில்லை.

மறுநாள் மாலை எட்டிப் பார்த்தேன். இருவர் ஆடவேண்டிய ஆட்டத்தை இரு கைகளாலும் அவர் ஒருவரே ஆடிக்கொண்டிருந்தார். தோற்ற இடக்கையை வலக்கையின் சார்பில் வைதுகொண்டுமிருந்தார். நான் எதிரே அமர்ந்து ஒரு திருகைப் பிடித்தேன்.

“தோத்துப்போவீங்க” என்றார்.

தோற்றேன். எந்தத் திரைப்படமும் அந்த இரண்டாம் திருகைப்போல என் வருகைக்காகக் காத்திருந்ததில்லை.