தனுஜாவின் தோள் என் பொறுப்பு

அன்புள்ள மச்சான் கிருஷ்ணராஜுக்கு,

தெமோதரையிலிருந்து அத்தான் மாரிசாமி எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் உயிரோடு சுகம். வெலிமடையில் நீங்களும் உங்கள் லீக்ஸ் பாத்திகளும் செழிப்பாக இருக்க வேண்டுகிறோம்.

பாடசாலை பேஸ்போல் டீமில் உங்கள் மருமகள் தனுஜாதான் பந்து எறிகிறாள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? பெற்றோர் கூட்டத்தில் கோச் ஜெயரூபன் சேர், "வளருற பிள்ளையளின்ர தோள் கவனம். எறிய முதல் உடம்பைச் சூடாக்கோணும், பிறகு ஓய்வு குடுக்கோணும், நோவை மறைக்கக் கூடாது" என்றார். அன்றிலிருந்து அந்தத் தோள் என் பொறுப்பு. தண்ணீர்க் குடத்தை நான் தூக்கினேன், விறகை நான் உடைத்தேன், மாகாண இறுதி ஆட்டத்துக்குப் பதுளைக்குப் போகையில் வளைவில் தலை இடிபடக் கூடாதென்று பஸ்ஸிலேயே பிள்ளைக்கு ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். கண்டக்டர், "ஏங்க, எங்க டிரைவர் மேல அவ்வளவு நம்பிக்கையா?" என்று கேட்டார்.

ஆட்டத்தைக் கேளுங்கள் மச்சான்! கடைசிச் சுற்று, நாங்கள் ஒரே ஓட்டம் முன்னால், இன்னும் ஒருத்தி அவுட்டானால் கோப்பை நமக்கு. அந்த நேரம் பார்த்துத் தனுஜா தோளைப் பிடித்துக்கொண்டாள். மைதானமே "எறி, எறி!" என்று கத்துகிறது. நான் மட்டும், "கோப்பை கெடக்கு, நீ வெளிய வாம்மா!" என்று கத்தினேன். வந்துவிட்டாள். அவளுக்குப் பதிலாகப் போன டீம் பிள்ளை நிஷாந்தினி எறிந்தாள், எதிர் டீம் பிள்ளை ஓங்கி அடித்தாள், பந்து வானத்துக்கே போய், திரும்பி வந்து, நிஷாந்தினியின் கையுறைக்குள்ளேயே விழுந்தது. ஜெயிச்சிட்டோம் மச்சான்! சந்தோஷத்தில் நான் வேலியைத் தாண்டிப் பாய்ந்தேன். அந்தப் பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் வடிகான். வலது மணிக்கட்டு முறிந்தது. ஓடிவந்த ஜெயரூபன் சேர், "அண்ணை, பாய முதல் உடம்பைச் சூடாக்கினீங்களோ?" என்று கேட்டார்.

தனுஜாவுக்கு வெறும் தசைப்பிடிப்புதானாம், கொஞ்ச நாள் ஓய்வு போதுமாம். நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். உங்கள் வீட்டில் எல்லோருடைய எலும்பும் நூறாண்டு உறுதியாக இருக்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான் மாரிசாமி

பி.கு: மாமா, இது தனுஜா. அப்பா தூங்கிவிட்டார். என்னை வெளியே வரச் சொன்னது ஜெயரூபன் சேர். அப்பா வேலிமேல் ஏறி நின்று, "இன்னொரு தோள் இருக்குல்ல, எறி தாயி!" என்றுதான் கத்தினார். நான் வலி தாங்காமல் உட்கார்ந்ததும், "ஐயோ எம்புள்ள!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தார். அப்போதுதான் வடிகானில் விழுந்தார். நிஷாந்தினி பிடித்த அந்தப் பந்தை அவர் பார்க்கவே இல்லை, மாமா. அந்த நேரம் முறிந்த கையோடு வடிகானிலிருந்து ஏறி வந்து, என் தோளைத் தடவிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.