கேஷியரின் ஒட்டுப்போட்ட முட்டி

"குதிச்சுக் காட்டட்டுமா?" என்றார் கேஷியர்.

"ஒண்ணும் வேண்டாம். கீழ் வீட்டுல மனுஷங்க குடியிருக்காங்க." மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் போன கொசுவை மட்டும் கொசு பேட்டால் ஒரே வீச்சில் பொரித்தாள்.

பேட்மின்டன் ஆடும்போது முட்டி ஜவ்வு அறுந்து, தொடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து முட்டிக்குள் ஒட்டுப்போட்டு முக்கால் வருடம் ஆகிவிட்டது. ஆடலாம் என்று பிசியோவே சொல்லிவிட்டார். ஆனால் ஆபரேஷன் முடிந்த மயக்கத்தில், "நீ சரின்னு சொல்லாம கோர்ட்ல கால் வைக்க மாட்டேன்" என்று மனைவியிடம் சத்தியம் பண்ணித் தொலைத்திருந்தார் மனுஷர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இரட்டையர் இறுதிப் போட்டி. அவருடைய ஜோடி மருந்துக்கடைக்காரர் போனில் ஆறுதல் சொன்னார்: "அவசரமே இல்ல சார். ஏதோ ஒரு ஆளை வச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம். உங்க இடம் எங்கேயும் போயிடாது."

ஏதோ ஒரு ஆளை வைத்து ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டார்களாம்! கேஷியருக்கு வயிறு எரிந்தது. இந்த ஞாயிறு ஆடாவிட்டால் அந்த இடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

முட்டியின் பலத்தைக் காட்ட, குந்தி உட்கார்ந்து வீடு முழுக்கத் துடைத்தார்.

"முட்டியில சத்தம் கேட்டுச்சே," என்றாள் மனைவி. "அப்படியே பால்கனியையும் துடைச்சிடுங்க, இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்."

பிசியோவையே வீட்டுக்கு அழைத்து வந்தார். "தாராளமா ஆடலாம்மா," என்றார் பிசியோ.

"மறுபடி அறுந்தா நீங்க வந்து தூக்கிட்டுப் போவீங்களா?"

பிசியோ பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் பார்க்கலாமே, சார்," என்று சொல்லிவிட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் நழுவினார்.

கடைசியில் அந்த ஒட்டுப்போட்ட காலாலேயே கூடத்தின் குறுக்கே நொண்டியடித்தார் கேஷியர். கால் கல்லு மாதிரி நின்றது. கைதான் தட்டி, டேபிள் ஃபேன் தரையில் விழுந்து மூன்று துண்டானது. கீழ் வீட்டுக்காரர் மாடியேறி வந்து சத்தம் போட்டார். மனைவி அவருடைய ஷூவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஞாயிறு காலை. "தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரேன். முட்டிக்கு ஐஸ் வச்சுக்கிட்டுப் படுத்திருங்க," என்று மனைவி கிளம்பினாள்.

பார்த்தால் ஃப்ரிட்ஜில் ஐஸ் பையைக் காணோம். கதவுக்குப் பின்னால் மட்டையைக் காணோம். 'மட்டையையும் ஒளிச்சு வச்சுட்டாளே, கில்லாடி!' என்று பல்லைக் கடித்தார். சத்தியம் பண்ணியது வாய்தானே, காலா பண்ணியது என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்தி, ஷூவும் மட்டையும் அங்கேயே கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுச் செருப்போடு ஆட்டோ பிடித்தார்.

அரங்க வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார்.

"என்னைத் தெரியலையா? மருந்துக்கடைக்காரரோட ஜோடி நான்தான்யா!"

"தெரியுது சார். ஆனா ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. உங்க இடத்துல ஆடறவங்க அடிக்கிற அடி இருக்கே, எதிராளிக்குப் பந்து எங்கே போச்சுன்னே தெரியல. கப் நமக்குத்தான்!"

உள்ளே ஒரே கைதட்டல். கேஷியருக்கு ரத்தம் கொதித்தது. "ஊரான் இடத்துல வந்து உட்கார்ந்துக்கிட்டு ஆட்டமா ஆடறான்? எவன்யா அவன்? வெளியே வரட்டும், கையை உடைக்கிறேன்!"

வாட்ச்மேன் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினார்.

"மெதுவா பேசுங்க சார், உங்க வீட்டம்மா காதுல விழுந்துடப் போவுது. அடுத்த சர்வீஸ் அவங்களோடது!"